முன்பக்கம் கொக்கி வைத்த கறுப்புச் சேலை

நடிகை ரேவா மல்கானி பேட்டியில் சொன்னதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. விருது விழாவுக்கு அவள் உடுத்தியிருந்த தந்த நிறச் சேலையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். "இந்தக் காலத்துப் பெண்ணுக்கான சேலை இது. நானே ரெண்டு நிமிஷத்தில் உடுத்திக்கொண்டு கிளம்பிவிட்டேன்" என்று சொல்லியிருந்தாள். பக்கத்திலேயே படம். இறுக்கிப் பிடித்த கார்செட் ரவிக்கை, இடுப்பில் மெல்லிய பெல்ட், தரையைப் பெருக்குகிற முந்தானை. பார்க்க அம்சமாகத்தான் இருந்தாள், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த "நானே"வுக்குப் பின்னால் அதைத் தைத்த பட்டறைக்காரர்கள் நாங்கள் நாலு பேர் நின்றோம். ஒருத்தி தோளில் ஊக்குக் குத்தினாள். ஒருத்தி முந்தானையைத் தூக்கிப் பிடித்தாள். நான் நீராவி இஸ்திரியோடு அவள் காலடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன். தத்தா மாஸ்டர் நின்று, "மேடம், கொஞ்சம் திரும்புங்க" என்று சொல்லி முதுகுப் பக்கத்து ஜிப்பை ஏற்றினார்.

இந்தக் கதை அந்த மாஸ்டரைப் பற்றியது. அவர் மனைவி உஜ்வலா வஹினியைப் பற்றியது என்றும் சொல்லலாம். மும்பை லால்பாகில் எங்கள் குடியிருப்பில், ஒரே வராந்தாவில், அவர்கள் அறைக்கு அடுத்த அறை என்னுடையது. அண்ணியை நாங்கள் வஹினி என்போம். எனக்கு அவள் கூடப் பிறக்காத அண்ணி.

தத்தாராம் நார்வேகர் முதலில் சேலை வேலை தெரிந்தவரே இல்லை. தாதர் ஸ்டேஷன் பக்கம் ஒரு கடையில் ஆண்களுக்குப் பேண்ட் தைத்துக்கொண்டிருந்தவர். எங்கள் பட்டறை முதலாளி தியா மேடத்துக்கு ஒருமுறை விபரீத ஆசை வந்தது. மேலே பார்த்தால் சேலை, கீழே பேண்ட்; அதை உடுத்திக்கொண்டு நடிகை மேடையில் ஆட வேண்டும். சேலை கட்டிவிடுவதில் பேர்போனவர்களையெல்லாம் வரவழைத்துப் பார்த்தாள். யார் கட்டினாலும் நாலாவது எட்டில் அவிழ்ந்து விழுந்தது. கடைசியில் யாரோ மாஸ்டரை இழுத்து வந்தார்கள். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மேடம், இதைச் சேலைன்னு நெனச்சு ஊக்குக் குத்துறாங்க, அதான் விழுது. பேண்ட் மாதிரி இடுப்புப்பட்டி போடுங்க, நிக்கும்" என்றார். நின்றது. அன்றைக்கு எங்கள் பட்டறைக்குள் வந்தவர்தான், பிறகு அந்த வாசலைவிட்டுப் போகவில்லை.

இடுப்புப்பட்டி தெரியுமே தவிர, அவருக்குக் கொசுவம் தெரியாது. முந்தானை எங்கே இழுக்கும், எங்கே தொங்கும் என்று ஒரு மண்ணும் தெரியாது. அதனால் பாதி தைத்த சேலையை மேடத்தைக் கேட்டு வீட்டுக்கு எடுத்துவருவார். வஹினியை நிற்க வைத்துப் போட்டுப் பார்ப்பார். நடிகைகள் எல்லாம் நெட்டை. வஹினியோ எங்கள் பிள்ளையாருக்குப் படைக்கிற கொழுக்கட்டை போல உருண்டையாக இருப்பாள். இருந்தாலும் அவள் உடம்பு சொல்வது பொய்க்காது. "கொசுவம் இடது பக்கம் சாயுதுங்க." "இந்த முந்தானை கழுத்தை அறுக்குது, உங்க நடிகை என்ன பாவம் பண்ணினா?" ஒருநாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "எல்லாத்தையும் ஒண்ணா தெச்சுட்டீங்களே, இதை உடுத்திட்டு ஒருத்தி எப்படிங்க பாத்ரூம் போவா?" அந்தக் கேள்விக்குப் பிறகுதான் மாஸ்டர் சேலைக்கு ஜிப் வைத்தார். பத்திரிகைகள் அதைப் புதுமை என்று எழுதின. பிறகு சுருக்கு வைத்த சேலை, மேலங்கி போட்ட சேலை, முந்தானை நதிபோல ஓடுகிற சேலை என்று எத்தனையோ வந்தன. எல்லாவற்றையும் உலகத்தில் முதலில் உடுத்தியது வஹினிதான், எங்கள் வராந்தா பல்பு வெளிச்சத்தில்.

போன கணபதி விழா முடிந்த வாரம் வஹினிக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் பால் வாங்கப் போனவள் படிக்கட்டில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே நர்ஸை அதட்டினாள். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. இடது கை வரவில்லை. கைகளில் இருந்த பச்சைக் கண்ணாடி வளையல்களை ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்தார்கள். அவை அலமாரியில் ஒரு டப்பாவில் கிடந்தன. அன்றிலிருந்து முன்பக்கம் ஜிப் வைத்த கவுன்தான் அவள் உடுப்பு. கீழே கோயிலுக்குக்கூட இறங்குவதில்லை. மாஸ்டரும் பாதி தைத்த சேலைகளை வீட்டுக்குக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அவருக்கு எண்ணம். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் மடத்தனத்துக்கு இந்த உலகில் குறைவில்லை.

தை பிறந்தால் எங்கள் வராந்தா கலகலக்கும். சங்கராந்தியிலிருந்து மூன்று வாரத்துக்கு வீட்டுக்கு வீடு பெண்களை அழைத்து மஞ்சள் குங்குமம் கொடுக்கிற விசேஷம். எல்லோரும் கறுப்புச் சேலை கட்டிக்கொள்வோம். தமிழ்நாட்டுக்காரர்கள் கேட்டால் திடுக்கிடுவார்கள், எங்களுக்கு அந்தக் குளிருக்குக் கறுப்புதான் மங்களம். வந்தவர்களுக்கு எள்ளுருண்டை கொடுத்து, இந்த வருஷமாவது இனிமையாகப் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்வோம். எங்கள் வரிசையில் முதல் அழைப்பு எப்போதும் உஜ்வலா வஹினி வீட்டிலிருந்துதான். இந்த முறை அவள் வாயைத் திறக்கவில்லை. நானே போய்க் கேட்டேன்.

"இந்த வருஷம் இல்லடி" என்றாள்.

"ஏன்? குங்குமம் வைக்க வலது கை போதாதா? எள்ளுருண்டை நான் பிடிச்சுத் தரேன்."

"கவுனைப் போட்டுக்கிட்டா குங்குமம் வைப்பேன்? வர்றவங்க என்னை நோயாளின்னு பாத்துட்டுப் போகவா?"

"நான் கட்டி விடறேன் வஹினி. நாசிக்லேர்ந்து உங்க பொண்ணு வர்றேங்கிறா. ஆளா இல்ல?"

வஹினி என்னை முறைத்தாள். இந்தக் குடியிருப்பில் கல்யாணமாகிப் போன பெண்களில் பாதிப் பேருக்கு ஒன்பது கஜம் கட்டிவிட்டவள் அவள். "இங்க பாரு ரோகிணி. அடுத்தவங்க கையால சேலை கட்டிக்கிறது கல்யாணத்தன்னிக்கு ஒரு தடவை, பாடையில ஏத்தும்போது ஒரு தடவை. ரெண்டுக்கும் நடுவுல நானேதான் கட்டிக்குவேன். முடியலேன்னா கட்டிக்க மாட்டேன். போ, போய் வேலையப் பாரு."

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. ஆனால் அவள் இடது கை மடியில் தனியாகக் கிடந்ததைப் பார்த்ததும் கோபம் வந்த வழியே போய்விட்டது. மறுநாள் பட்டறையில் இதை மாஸ்டரிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் முகம் விளக்குப் போட்டதுபோல மலர்ந்தது.

"அட, இதுதானா? கட்டவே வேணாம். மாட்டிக்கிற சேலை தெச்சுத் தரேன். ரேவா மேடம் ரெண்டு நிமிஷத்துல உடுத்தலையா?"

தன் கையால் ஜிப் ஏற்றிய மனுஷனே பேப்பரில் வந்ததை நம்புகிறார். என்ன சொல்ல?

கறுப்புக் கிரேப் துணி, ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கரை. மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதற்கே செலவிட்டார். கொசுவத்தை நடிகைக்கு எடுப்பதைவிட நெருக்கமாக எடுத்தார். நான் இஸ்திரி போட்டேன். தையல் தெரியாமல் மறைந்து, நிஜமாகவே கட்டிய சேலைபோல விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதை வஹினி கையில் கொடுத்துவிட்டு, நானும் அவரும் வராந்தாவுக்கு வந்து கதவைச் சாத்தினோம். அவர்கள் வீடு ஒரே அறை. யாராவது உடுத்த வேண்டுமென்றால் மற்றவர்கள் வராந்தாவுக்குத்தான் வர வேண்டும்.

"ரெண்டு நிமிஷம்" என்றார் மாஸ்டர், மீசையை நீவிக்கொண்டே.

கீழே பிள்ளைகள் பட்டம் விட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். எதிர் வரிசைக் கிழவர் ரேடியோவைப் போட்டு, செய்தி முழுவதும் கேட்டு, அணைத்தும் விட்டார். உள்ளே நாற்காலி நகரும் சத்தம், ஏதோ விழும் சத்தம். பிறகு வஹினியே கதவைத் திறந்தாள். சேலையின் இடுப்பை வலது கையால் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். விட்டால் கீழே விழும். முந்தானை தரையில் கிடந்தது. முகமெல்லாம் வியர்வை.

மாஸ்டர் ஓடினார். "ஒண்ணுமில்ல, ஜிப்தானே? கொஞ்சம் திரும்பு, நான் போட்டு விடறேன்."

வஹினி திரும்பவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"உங்க மேடத்துக்கு முதுகுக்குப் பின்னாடி நாலு பேர் இருக்காங்க. எனக்கு முன்னாடி ஒரு கைதாங்க இருக்கு" என்றாள். "இதை எடுத்துட்டுப் போயிடுங்க."

மாஸ்டர் அன்றிரவு சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவருக்கு வைத்திருந்த பாக்ரி ரொட்டியும் மீன் குழம்பும் காலையில் என் வீட்டுக்கு வந்தன.

யோசித்துப் பார்த்தால், அது எங்கள் பட்டறைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. நாங்கள் தைக்கிற உடுப்புக்கெல்லாம் ஜிப் முதுகில்தான். கொக்கி முதுகில், முடிச்சு முதுகில். முன்னால் எதுவும் தெரியக் கூடாது, கேமரா முன்னால்தானே இருக்கிறது. உடுத்துகிறவள் தன் கையால் எதையும் பூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்ற நினைப்பே எங்களுக்கு மறந்து போயிருந்தது.

மறுநாள் மதியம் இஸ்திரி போட்ட துணிகளை வைக்க ட்ரையல் ரூம் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே மாஸ்டர். பேண்ட்டுக்கு மேல் கறுப்புச் சேலை. இடது கையை அளவெடுக்கும் டேப்பால் முதுகோடு சேர்த்துக் கட்டியிருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில் தொங்க, வலது கையால் தன் முதுகுப்புறத்தைத் தேடித் தேடி, வாலைப் பிடிக்கிற நாய்போல வட்டமடித்துக்கொண்டிருந்தார்.

"கதவைச் சாத்து ரோகிணி! மானம் போகுது!"

நான் சாத்துவதற்குள் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம். சீக்கிரமாகவே அளவு பார்க்க வந்திருந்த ரேவா மல்கானி. "மாஸ்டர்ஜி, இது என்ன புது ஸ்டைல்? எனக்குச் சொல்லவே இல்லையே!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

மாஸ்டர் நடந்ததைச் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பேட்டி விஷயத்தை நான்தான் நடுவில் நுழைத்தேன். என் வாய் சும்மா இருக்காது. ரேவாவின் சிரிப்பு நின்றது. நான் எதிர்பார்த்ததுபோல அவள் கோபப்படவில்லை.

"பேட்டியில அப்படித்தான் சொல்லச் சொல்லுவாங்க" என்றாள். "எங்கே, அந்த டேப்பைக் கொடுங்க."

தன் இடது கையை என்னைக் கட்டச் சொன்னாள். ஜீன்ஸுக்கு மேல் அந்தச் சேலையை மாட்டப் பார்த்தாள். நின்றபடி இடுப்பில் வைப்பாள், ஜிப்பைத் தேடுவாள், சேலை நழுவும். மூன்று நாலு தடவை நழுவிய பிறகு அலுத்துப்போய் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "ரெண்டு கை இருக்கும்போதே எனக்குச் சேலை கட்டத் தெரியாது மாஸ்டர்ஜி. இது ஏன் நின்னுக்கிட்டே உடுத்தணும்? ஷூட்டிங் வேன்ல நான் பேண்ட்டெல்லாம் உட்கார்ந்துதான் போடுறேன்" என்றாள்.

பேண்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் மாஸ்டர் நிமிர்ந்தார். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்புவரை என்னை ஓட ஓட இழுத்துக்கொண்டு போனார். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வஹினியிடம், "உட்கார்ந்து உடுத்தற மாதிரி தெச்சா என்ன? ரேவா மேடம் சொன்னாங்க" என்றார்.

வஹினி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"நாலு மாசமா நான் எல்லாத்தையும் இந்தக் கட்டில்ல உட்கார்ந்துதாங்க உடுத்தறேன். அதைச் சொல்ல ஒரு நடிகை வேணுமா உங்களுக்கு? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? எத்தனை வருஷம் என் உடம்பு மேல போட்டுப் பாத்துப் பாத்துத் தெச்சீங்க! கை போனதும் நானும் போயிட்டேன்னு நெனச்சுட்டீங்களா?"

மாஸ்டர் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து தையல் சாக்குக்கட்டியை எடுத்து அவள் வலது கையில் வைத்தார். "நீயே சொல்லு உஜ்வலா. உன் கை எங்கெல்லாம் போகும்? கோடு போடு."

வஹினி வீம்பாகச் சாக்குக்கட்டியை விரல்களில் உருட்டினாள். பிறகு தன் கவுன் மேலேயே கோடு போட ஆரம்பித்தாள். இடது இடுப்பு, வயிற்றின் நடு, இடது தோள், தொடை. கை எட்டுகிற இடமெல்லாம் வெள்ளைக் கோடு. முதுகில் ஒன்றும் விழவில்லை. மாஸ்டர் அந்தக் கோடுகளை ஒரு ஊரின் வரைபடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இதுக்கு வெளியில என் ஊசி போகாது" என்றார். அவள் கை எட்டாத இடம் முதுகு ஒன்றுதான் என்று அன்றைக்கு நாங்கள் மூன்று பேருமே நினைத்திருந்தோம்.

அப்புறம் பழையபடி ஆகிவிட்டது அந்த வீடு. தினமும் சேலை வந்தது, போனது. இடுப்புக்குப் பின்னால் எலாஸ்டிக் வைத்தார். உட்கார்ந்து காலை நுழைத்து, எழுந்து ஒரே இழுப்பாக இழுத்துக்கொள்ளலாம். முன்பக்கம் இடது ஓரத்தில் பேண்ட்டுக்குப் போடுகிற பெரிய கொக்கி. தோளில் கைப்பைக்கு வைக்கிற காந்த பட்டன், முந்தானையைக் கொண்டுபோய் வைத்தால் டப்பென்று ஒட்டிக்கொள்ளும். ரவிக்கையின் இடது கையை அகலமாக வெட்டினார். வஹினி குறை சொல்லிக்கொண்டே இருந்தாள். "காந்தம் கனக்குது, உள்ள பட்டை வைங்க." "கொக்கி ஒரு விரல் தள்ளி வரணும்." "பேண்ட் டெய்லர் பேண்ட் டெய்லர்தான்!" சுவருக்கு இந்தப் பக்கம் எள்ளுருண்டைக்கு வெல்லம் காய்ச்சிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். அவள் திட்டுவதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மஞ்சள் குங்குமத்தன்று சாயங்காலம் வராந்தா முழுக்கக் கறுப்புச் சேலைகள். தட்டும் கையுமாகப் பெண்கள் வந்துவிட்டார்கள். வஹினியின் கதவு சாத்தியிருந்தது. மாஸ்டர் வெளியே நின்றார், அளவு நாடா கழுத்தில் தொங்க. பட்டறையிலிருந்து வந்தவர் அதைக் கழற்ற மறந்திருந்தார். உள்ளே டப்பென்று ஒரு சத்தம். காந்தம். அவர் என்னைப் பார்த்தார். பிறகும் கதவு திறக்கவில்லை. கண்ணாடி உரசுகிற சத்தம் மட்டும் மெதுவாகக் கேட்டது. அதற்குள் பெண்கள், "என்ன ரோகிணி, ஆகலையா?" என்று கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள். மாஸ்டரின் கை கதவுப் பிடிக்குப் போயிற்று. நான் அந்தக் கையில் ஒன்று போட்டேன்.

கதவு திறந்தது.

வஹினி நின்றாள். கறுப்புச் சேலை, சிவப்புக் கரை, நெற்றியில் பிறைக் குங்குமம். கொசுவம் ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது. மாஸ்டர் பழக்க தோஷத்தில் குனிந்து அதைச் சரிசெய்யப் போனார்.

"தொடாதீங்க" என்றாள் வஹினி. "என் கொசுவம். சாய்ஞ்சா சாயட்டும்."

அவர் கையை இழுத்துக்கொண்டார். அப்போதுதான் நான் கவனித்தேன். டப்பாவில் கிடந்த பச்சை வளையல்கள் அவள் இடது கையில் வரிசையாக ஏறியிருந்தன. அசையாத கையை முந்தானைக்குள் ஒளிக்காமல், அலங்கரித்து முன்னால் வைத்திருந்தாள். வலது மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. அந்த வலது கையில் மீதி வளையல்களை வைத்துக்கொண்டு நின்றாள். இடது கைக்கு வலது கை போட்டுவிட்டது. வலது கைக்குப் போட்டுவிட அவளிடம் வேறு கை இல்லை.

வஹினி ஒரு அடி முன்னால் வந்து, கையை மாஸ்டரிடம் நீட்டினாள்.

"இது ஒண்ணுதான் எனக்கு எட்டலீங்க" என்றாள். "நீங்க போட்டு விடுங்க."

மாஸ்டர் வளையல்களை வாங்கிக்கொண்டார். எத்தனை நடிகைகளுக்குக் கண்ணிமைக்காமல் ஊக்குக் குத்தியவர், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் வளையலை அவள் விரல்களில் நுழைத்துவிட்டு, முட்டியில் தயங்கி நின்றார்.

"வலிச்சா சொல்லு."

"வலிக்காது, அழுத்துங்க. உங்க மேடத்துக்கு ஜிப் போடும்போதும் இப்படித்தான் அழுவீங்களா?"

"மேடம் எங்கிட்ட இப்படிக் கேட்டதில்லையே" என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

ஒவ்வொன்றாக எல்லா வளையல்களும் ஏறின. வஹினி கையை ஒருமுறை உதறிப் பார்த்தாள், கலகலவென்று சத்தம் வந்தது. பிறகு குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னடி நின்னு வேடிக்கை பாக்கற? எல்லாரையும் உள்ள வரச் சொல்லு."